கோட்டுக்குக் கீழே

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மருமகள் பட்டாணியும் நலம். அவளுக்குச் சளி வந்தது, போய்விட்டது. எனக்கு முதுகுவலி வந்தது, போகிற வழியாக இல்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை வழக்கம்போல டீயிலேயே காலத்தைத் தள்ளுகிறாயா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று முழிக்காதே. இந்த வீட்டில் இருப்பது இரண்டே அறை. நான் போனைக் கையில் எடுத்தால் உன் மருமகள் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். குரலைத் தாழ்த்தினால் இன்னும் மோசம், ‘என்னம்மா ரகசியம்?’ என்று மடியிலேயே ஏறிவிடுகிறாள். அதோடு நீயும் நானும் போனில் பேசினால் மூன்றாம் நிமிடம் சண்டை. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார், அந்த நிம்மதிக்காகத்தான்.

விஷயம் இதுதான். உன் அத்தான் வேலைக்கென்று வெளியூர் கிளம்பியபோது இவளிடம் ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போனார். ‘மாமா ஓட்டுற ரோலர் கோஸ்டர்ல ஏறணும்னா ஒரு கோடு அளவுக்கு உயரம் இருக்கணும். நீ அந்தக் கோட்டைத் தொட்டதும் அப்பா ஓடி வந்துடுவேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஏறலாம்.’ அன்று பிடித்த பைத்தியம். வீட்டில் இருக்கிற காகிதமெல்லாம் ரோலர் கோஸ்டர். சமையலறைக் கதவு நிலையில், நீ வேலை பார்க்கிற பூங்காவின் உயரக் கோட்டை என் தையல் டேப்பால் அளந்து பென்சிலால் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் அங்கே போய் நிற்கிறாள். இன்னும் நாலு விரல் பாக்கி.

எட்டு வருஷமாக அந்த வண்டியோடு மல்லுக்கட்டுகிறவன் நீ. ஆறு வயதுப் பிள்ளை அதற்கு எப்போது தயார்? பலகையில் எழுதியிருப்பதை எனக்கு ஒப்பிக்காதே, கண்ணால் பார்த்ததைச் சொல். அவள் இன்னும் தயாராகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீயும் அப்படியே சொன்னால் நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

உன் அக்கா

*

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். டீ விஷயத்தில் நீ சொன்னது சரி, அதனால் அதைப் பற்றிப் பேச வேண்டாம். உன் முதுகுக்கு என்ன மருந்து போடுகிறாய்? மெஷினில் குனிந்தே உட்கார்ந்தால் எந்த மருந்து கேட்கும்? பட்டாணிக்கு என் முத்தம். அத்தான் நலமா? புது இடம் அவருக்குப் பழகிவிட்டதா?

நீ கேட்டதற்கு வருகிறேன். கோடு உடம்புக்குத்தான். மடியை அழுத்திப் பிடிக்கிற கம்பி சின்ன உடம்பில் சரியாக உட்காராது, அதற்காக. மனசுக்கு எந்தக் கம்பத்திலும் கோடு போட முடியாது. அதற்கு நானாக ஒரு வழி வைத்திருக்கிறேன். வாசலில் பிள்ளை வந்து நின்றதும் குனிந்து காதில் கேட்பேன்: ‘யாருக்கு ஆசை? உனக்கா, அப்பாவுக்கா?’ பதில் சொல்லும் முன்னால் அப்பா முகத்தை ஏறிட்டுப் பார்க்கிற பிள்ளையை ஐஸ்கிரீம் பக்கம் அனுப்பிவிடுவேன். அப்பன்மார் என்னைத் திட்டுகிற திட்டில் என் ஆயுசு கெட்டியாகிக்கொண்டே போகிறது.

இன்னொன்று. பயப்படுகிற பிள்ளை தயாரில்லை என்று நினைக்காதே. ‘நடுவுல நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?’ என்று கேட்கிற பிள்ளை நன்றாகவே தயார். ‘எனக்குப் பயமே இல்ல’ என்று விறைத்துக்கொண்டு நிற்பதைத்தான் நான் நம்புவதில்லை.

முதலில் அவளை ஊஞ்சல், சறுக்கு எதிலாவது ஏற்றிப் பார். அத்தான் வருகிற தேதி தெரிந்தால் எழுது. அன்றைக்கு ஷிப்டை மாற்றிக்கொண்டு நானே கம்பியைப் பூட்டி விடுகிறேன். அவள் அலறுவதை நான் கேட்காமல் யார் கேட்பது?

அன்புடன்,
உன் தம்பி

*

பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். பட்டாணிக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது, பேசினால் காற்றுதான் வருகிறது. நீ நலமா? இருமல் இருந்ததே, விட்டதா?

நீ சொன்னபடி விளையாட்டு மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். பெரிய பிள்ளைகள் ஏறுகிற உயரச் சறுக்கில் தலைகீழாக வந்தாள். ஊஞ்சலில் நான் போதும் போதும் என்று கத்தக் கத்த மேலே போனாள். இறங்கியதும் ‘பயமா இருந்ததாடி?’ என்றேன். ‘பயமே இல்ல’ என்றாள். எனக்குத்தான் கையெல்லாம் வேர்த்துவிட்டது. பிள்ளை தைரியமாக இருந்தால் பெற்றவள் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு எரிச்சலாக வந்தது தம்பி, ஏன் என்று கேட்காதே.

வேறு ஏதாவது காரணம் இருக்குமே? காது, கழுத்து, இதயம் என்று டாக்டர்கள் ஏதாவது சொல்வார்களே? ஏழு வயதுக்கு முன்னால் கூடாது, எட்டு வயதுக்கு முன்னால் கூடாது என்று யாராவது சொல்லியிருந்தால் எழுது.

கடையில் வேலை குவிந்து கிடக்கிறது. நேற்று ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். கடைக்காரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிரித்துத் திரும்பத் தைத்தேன். எனக்கு இப்போதெல்லாம் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் விட்டது. நீயும் பல்லு போன பாட்டியும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி.

இடது கையை வலது பக்கம் வைத்தாயா? நீயா? கண்ணை மூடிக்கொண்டு காலர் வெட்டுகிறவளாச்சே. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

டாக்டர் காரணம் எதுவும் எனக்குத் தெரியாது. உடம்பில் கோளாறு இருக்கிற பிள்ளைக்குத்தான் தடை. இவள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள்.

இங்கே கூட்டம் தாங்கவில்லை. வாசலில் பிள்ளைகள் அடிக்கிற கூத்தை நீ பார்க்க வேண்டும். கோடு போட்ட கம்பத்தின் கீழே நின்றதும் அத்தனையும் குதிகாலைத் தூக்கும். கழுத்து ஒட்டகம் மாதிரி நீளும். போன வாரம் ஒரு குட்டி செருப்புக்குள் அட்டையை மடித்து வைத்துக்கொண்டு வந்தது. தலைமுடியை உச்சியில் கோபுரமாகக் கட்டிவிட்டு அம்மாவே அழைத்து வந்த பிள்ளையும் உண்டு. முடியை அமுக்கி, செருப்பைக் கழற்றி, குதிகாலை இறக்கி வைப்பதே எனக்குப் பாதி வேலை. நாளெல்லாம் அலறல் கேட்டுக் கேட்டு வீட்டுக்கு வந்தாலும் காதுக்குள் வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது.

அத்தானுக்குப் போன் போட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்கிறது. போன கடிதத்திலேயே கேட்டேன், அவரைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. புது எண் இருந்தால் அனுப்பு.

அன்புடன்,
உன் தம்பி

*

ஏப்ரல் 29

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

பதில் போட நேரமில்லை. பள்ளிச் சீருடை சீசன். என் பிள்ளையின் சீருடைக்கே மடிப்பைப் பிரித்து இறக்கிவிட நேற்றுதான் நேரம் கிடைத்தது.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், அவள் வளரவில்லை. ஜனவரியில் நாலு விரல் குறைச்சல். பிப்ரவரியில் மூன்று விரல் ஆனது. அதோடு நின்றுவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் அதே மூன்று விரல்.

எனக்கு ஓர் உதவி செய். நீ அவளுக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுது. பூங்காவில் சட்டத்தை மாற்றிவிட்டார்கள், கோட்டை ஒரு முழம் மேலே ஏற்றிவிட்டார்கள் என்று போடு. நான் படித்துக் காட்டுகிறேன். நீ சொன்னால் நம்புவாள். ஒரு பொய்தானே, யாருக்கும் நஷ்டமில்லை. காரணம் கேட்காதே.

அக்கா

*

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து தலை சுற்றுகிறது. இன்று கம்பிகளைச் சரிபார்க்கும்போது ஒரே வரிசையை இரண்டு தடவை இழுத்துப் பார்த்திருக்கிறேன், மெக்கானிக் கேட்டான், ‘என்ன சார், வீட்ல பிரச்சினையா?’ இருக்கிறது என்றேன். என்ன பிரச்சினை என்று எனக்கே தெரியாது என்றேன்.

பொய் எழுத எனக்கு வெட்கமில்லை. மேலாளரிடம் வாரம் ஒரு பொய் சொல்கிறவன்தான் நான். ஆனால் அந்தக் கோட்டைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை அக்கா. எத்தனையோ பேர் கெஞ்சியும் மிரட்டியும் பார்த்தார்கள். மேலேயும் ஏற்ற மாட்டேன், கீழேயும் இறக்க மாட்டேன்.

நீ எதையோ விழுங்கிக்கொண்டு நிற்கிறாய். அவள் அந்தக் கோட்டைத் தொட்டுவிடுவாளோ என்று ஏன் பயப்படுகிறாய்? அவள் தொட்டுவிட்டால் என்ன ஆகும்? அத்தான் எங்கே?

எழுதாவிட்டால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பேன். பட்டாணி முன்னாலேயே கேட்பேன்.

உன் தம்பி

*

மே 18

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். நலம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

அவர் வர மாட்டார். போன நவம்பரிலேயே சொல்லிவிட்டார், போனில். அங்கே வேறு ஒருத்தியோடு குடித்தனம். வேலை என்று போனதே அதற்குத்தானோ என்னவோ. நான் அழுதேன், திட்டினேன். கடைசியில் அவர் எனக்குப் புத்தி சொல்கிறார்: ‘பாப்பாகிட்ட இப்ப எதுவும் சொல்லாத. சின்னப் பொண்ணு, தாங்க மாட்டா.’ அந்த ஒன்றில் மட்டும் அவர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது, பார்த்தாயா என் அறிவை.

அதற்குப் பிறகும் எப்போதாவது கூப்பிடுவார். இரண்டு நிமிடம். ‘கோட்டைத் தொட்டுட்டியாடா செல்லம்? இன்னும் கொஞ்சம்தான். தொட்டதும் அப்பா வந்துடுவேன்.’ எண்ணையும் மாற்றிவிட்டார், அவராகக் கூப்பிட்டால்தான் உண்டு. பிப்ரவரிக்குப் பிறகு அதுவும் இல்லை.

நாளைக்கே அவள் கோட்டைத் தொட்டுவிட்டால் நான் என்னடா பண்ணுவேன்? பையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவாள். எந்த முகத்தோடு அவளிடம் சொல்வேன்? ஞாயிற்றுக்கிழமை விடிந்தாலே ஏன் விடிந்தது என்று இருக்கிறது. அவள் தலையில் ஸ்கேலை வைக்கிறேன். மூன்று விரல் இன்னும் இருக்கிறது என்று பார்த்ததும் அப்பாடா என்று இருக்கிறது. பெற்ற பிள்ளை வளரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிற தாயை நீ பார்த்திருக்கிறாயா? இதோ, உன் அக்கா.

யாரிடமும் சொல்லவில்லை. நீயும் போன் பண்ணாதே, அவள் கேட்பாள்.

உன் அக்கா

*

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு என்ன நலம் விசாரிப்பது? சாப்பிடு. தூங்கு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுத ஆசை, எதைப் பார்த்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

உன் கடிதம் வந்த அன்று ஷிப்ட் முடிந்த கையோடு அந்த மனுஷன் ஊருக்கு டிக்கெட் எடுத்து பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டேன். சட்டையைப் பிடித்து நாலு அறை விட வேண்டும் என்றுதான். ஊர் எல்லை தாண்டியதும் யோசனை வந்தது. அறைந்து கூட்டிவருகிற அப்பா பட்டாணிக்கு எதற்கு? இறங்கி நடந்தே திரும்பினேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. சும்மா இருக்கும்போது கை தானாக முஷ்டி பிடித்துக்கொள்கிறது. இனி அந்த ஆளை அத்தான் என்று எழுத மாட்டேன்.

நீ கேட்ட பொய்யை மூன்று தடவை எழுதினேன். மூன்றையும் கிழித்தேன். ஒரு முழம் ஏற்றினால் அந்த ஒரு முழமும் அவள் வளர்வாள் அக்கா. அப்போது இன்னொரு முழமா?

ஒரு நாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் வாருங்கள். இங்கே சின்னப் பிள்ளைகளுக்கென்று குட்டி ரயில் ஒன்று இருக்கிறது, மேடு பள்ளமெல்லாம் இடுப்பளவுதான். அதில் என்னோடு ஏறட்டும். பெரிய வண்டியைக் கிட்டத்தில் பார்க்கட்டும். பிறகு சொல்வதை நாம் இரண்டு பேரும் சேர்ந்து சொல்லலாம். நான் பக்கத்தில் இருந்தால் உனக்கும் தைரியமாக இருக்கும்.

இன்னொன்று. இத்தனை மாதமாக ஒரு விரல்கூட வளராத பிள்ளையை டாக்டரிடம் காட்டு. உன் பயம் வேறு, அவள் உடம்பு வேறு.

உன் தம்பி

*

ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

நலம். ஒருவரிடம் சொன்னதிலேயே நெஞ்சிலிருந்து கொஞ்சம் பாரம் இறங்கியது. நீ அறையாமல் திரும்பியது நல்லது. ஆனால் டிக்கெட் எடுத்தாய் என்று படித்தபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

டாக்டரம்மாவிடம் காட்டினேன். அங்கேயும் அதே உயரம்தான். எடை கூடியிருக்கிறது, பசி நன்றாக இருக்கிறது, ‘சில பிள்ளைங்க கொஞ்ச நாள் நின்னு அப்புறம் மளமளன்னு வளருவாங்க, கவலைப்படாதீங்க’ என்றார். ஷூ ஒரு நம்பர் கூடிவிட்டது. சீருடை மடிப்பை மறுபடி இறக்கியாயிற்று. உயரம் மட்டும் அப்படியே. அதிசயப் பிறவி.

வருகிற வியாழன் காலை வருகிறோம். மறுநாளே நான் கடைக்குப் போக வேண்டும், அதனால் மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவோம். சொல்வதை அங்கே வைத்துச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை, பார்க்கலாம். அவளுக்குக் கால் வரை தொங்குகிற மஞ்சள் கவுன் தைத்திருக்கிறேன். ‘மாமா கூட குட்டி ரயில்ல போகப் போறோம்’ என்றேன். துள்ளுவாள் என்று பார்த்தேன். ‘பெரிய வண்டிகிட்டயும் போவோமா?’ என்றாள். போவோம் என்றேன். 

உன் அக்கா

*

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தீர்கள் என்று நினைக்கிறேன். பட்டாணி பஸ்ஸில் வாந்தி எடுக்கவில்லையே? உன் முதுகு எப்படி இருக்கிறது? நான் நலம்.

அன்றைக்குச் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன். மரத்தடியில் பைகளோடு நீ உட்கார்ந்திருந்தாய். பெரிய வண்டியைக் காட்டிவிட்டு அவளைத் தோளில் தூக்கிவந்தேன். ‘ஏண்டா, முகம் பேயறைந்த மாதிரி இருக்கு?’ என்று கேட்டாய். வெயில் என்றேன். வெயில் இல்லை.

வாசலில் அப்போது கூட்டமில்லை. சும்மா விளையாட்டுக்கு, ‘வா, மாமா கம்பத்துல நில்லு, எவ்வளவு பாக்கின்னு பாக்கலாம்’ என்றேன். வந்து நின்றாள். தலை கோட்டுக்கு மூன்று விரல் கீழே. நீ சொன்ன அதே மூன்று விரல். என் கண் அவள் காலடிக்குப் போனது, குதிகாலைப் பார்த்துப் பார்த்துப் பழகின கண். அவள் நடந்து வரும்போது ஷூவுக்கு மேலே நின்ற கவுன் ஓரம் இப்போது தரையில் கிடக்கிறது.

அக்கா, அவள் முழங்காலை மடக்கி நிற்கிறாள். முதுகு நேர், கழுத்து நேர், முகத்தில் ஒரு சலனம் இல்லை. கவுனுக்குள் கால் மட்டும் மடங்கி இருக்கிறது. எட்டு வருஷத்தில் எக்கி நிற்கிற பிள்ளைகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். தன்னைக் குறுக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன்.

இரண்டு அக்குளிலும் கை கொடுத்து மெல்ல நிமிர்த்தினேன். தலை கோட்டைத் தாண்டி மேலே போனது. ஒரு விரல் நன்றாகவே தாண்டிவிட்டது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். 

‘மாமா, அம்மாகிட்ட சொல்லாதீங்க.’

‘ஏண்டா தங்கம்?’

‘நான் கோட்டைத் தொட்டுட்டா அப்பா வரணும்ல. வர மாட்டாங்க. அப்புறம் அம்மா அழுவாங்க.’

‘அப்பா வர மாட்டாங்கன்னு யார் சொன்னா?’

‘யாரும் சொல்லல. ராத்திரி அம்மா வீட்டு மெஷின்ல தைக்கத் துணியே வைக்காம ஓட்டுவாங்க மாமா. அழுற சத்தம் கேக்கக் கூடாதுன்னு.’

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வண்டி வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், கம்பி பூட்ட வேண்டிய பையன் என்னைப் பார்க்கிறான், எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. கடைசியில் கேட்டேன், எப்போதிலிருந்து இப்படி நிற்கிறாய் என்று. ‘அப்பா போன் பண்ணாம போனதுல இருந்து’ என்றாள். அவள் பிப்ரவரியிலேயே வளர்வதை நிறுத்தவில்லை அக்கா. நாம்தான் அப்படி நினைத்துக்கொண்டோம்.

கோபத்தோடு கேட்கிறேன், மன்னித்துக்கொள். ஆள் தெருவில் நடந்து வரும்போதே எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்று சொல்கிறவள் நீ. இரண்டு தடவை மடிப்பை இறக்கினாய். ஷூ நம்பர் கூடியது என்று நீயே எழுதினாய். கவுனை அவள் உடம்பில் வைத்துத்தானே அளந்தாய்? உனக்கா தெரியவில்லை?

சொல்லிவிடாதே என்று கெஞ்சினாள். சரி என்று தலையாட்டினேன். அந்த வாக்கை இந்தக் கடிதத்தில் உடைக்கிறேன், அவள் என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை. சின்னப் பொண்ணு, தாங்க மாட்டாள் என்று அந்த ஆள் சொன்னான், நீயும் நம்பினாய், நானும் நம்பினேன். அவள் ஐந்து மாதமாக உன்னைத் தாங்கிக்கொண்டு மடக்கின காலோடு நிற்கிறாள். நான் வரும்வரை காத்திருக்காதே. இன்றைக்கே சொல்லிவிடு.

உன் தம்பி

*

ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். பஸ்ஸில் அவள் வாந்தி எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன். முதுகு அப்படியேதான். நீ மூன்று வேளையும் சாப்பிடுகிறாயா? அன்றைக்குப் பார்த்தபோது கன்னமெல்லாம் ஒட்டிக்கிடந்தது, சொல்ல மறந்துவிட்டேன்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டுப் பாதி தைத்த சட்டையை அப்படியே மெஷினில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ கேட்டாயே, உனக்கா தெரியவில்லை என்று. நான் அவளை அளந்தபோதெல்லாம் மூன்று விரலை மட்டும்தான் பார்த்தேன் தம்பி. அதற்குக் கீழே ஒரு பிள்ளை நின்றதைப் பார்க்கவில்லை. 

ஆனாலும் அன்றைக்கே சொல்ல முடியவில்லை. வாயைத் திறப்பேன், ‘தண்ணி குடிச்சியா?’ என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்வேன். வீட்டுக்குள் நடந்து நடந்து என் கால் ஓய்ந்தது. இரண்டு ஞாயிறு போயிற்று. இரண்டிலும் அவள் வந்து நின்றாள், கவுனுக்குள் அந்த முழங்கால் மடங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அதைப் பார்த்த பிறகு ஒரு நாள்கூடத் தாங்காது என்று ஆகிவிட்டது.

நேற்று சாயங்காலம் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். ‘அப்பா நம்ம வீட்டுக்கு இனிமே வர மாட்டாங்கடா. வேற வீட்ல இருக்காங்க. நீ உயரமா இருந்தாலும் வர மாட்டாங்க, குட்டையா இருந்தாலும் வர மாட்டாங்க. அது உன்னால இல்ல. அம்மா அழுவேன். கொஞ்ச நாள் அழுதுட்டு நிறுத்திடுவேன். நீ அதைப் பாத்துக்க வேணாம்.’

 வெள்ளைப் பொத்தான்களை ஒரு பக்கம் தள்ளினாள். பிறகு, ‘அப்ப அந்தப் பெரிய வண்டியில ஏற வேணாமா?’ என்றாள்.

‘உனக்கு ஆசை இருந்தா போவோம். அம்மா உன் பக்கத்துல உக்காந்துக்கிறேன்.’

‘வேணாம்மா. எனக்கு அதைப் பாத்தாலே பயமா இருக்கு.’

பயமா இருக்கு என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. கட்டிக்கொண்டேன். அவளும் அழுதாள், அழுகை என்றால் அப்படி ஓர் அழுகை, பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து கதவைத் தட்டுகிற அளவுக்கு. இத்தனை மாதம் எங்கே வைத்திருந்தாளோ. உன்மேல் கோபம் இருக்கிறது, வாக்கை மீறிவிட்டாயாம். ஐஸ்கிரீமில் சரிக்கட்டலாம் என்று நினைக்காதே, நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். வா. நாலு நாள் லீவு போட்டுவிட்டு வா. எனக்கும் உன்னோடு சண்டை போட்டு நாளாயிற்று.

அழுது முடித்து முகம் கழுவிவிட்டு வந்தாள். துவாலையைக் கையில் பிடித்துக்கொண்டு அறை நடுவில் நின்றாள். ஏதோ கேட்க வந்து தயங்குகிறாள் என்று தெரிந்தது. என்னடா என்றேன்.

‘அப்ப இனிமே நான் வளரலாமாம்மா?’

வளரச் சொல்லிவிட்டேன் தம்பி.

உன் அக்கா